ஓசூர்க்காரன் மேல் ஒரு புகார்

1

இந்த நாட்டில் கார் மோதினால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிராளியின் பெயரும் விலாசமும், அவருடைய வண்டி எண், காப்பீடு எங்கே என்பது. யாருக்காவது அடிபட்டிருந்தால் உடனே போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டும். மெல்பனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். பன்னிரண்டு வருடமாக இங்கே கார் ஓட்டும் நான், இந்த மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. என் காரை இடித்தவனிடம், அவன் அம்மா பிறந்தது எந்த ஊர் என்று கேட்டேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாரூர் ஏரிப் பாசனத்தில் மற்றவர்கள் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் லேத் மிஷின் ஓட்டினேன். அதே வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று இந்த நாடு கூப்பிட்டது, வந்துவிட்டேன். அங்கேயும் இரும்பைக் கடைந்தேன், இங்கேயும் இரும்பைத்தான் கடைகிறேன். மனைவி செல்வி கோவில்பட்டிக்காரி. அவள் அப்பா கம்பெனி வேலைக்காக ஓசூருக்கு வந்தவர், அதனால் எனக்குக் கிடைத்தாள். மகள் தாரணி நான்கு வயதில் விமானம் ஏறினாள். இப்போது பதினாறு. பெண்கள் கிரிக்கெட்டில் லெக் ஸ்பின் போடுகிறாள். மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் பெயர் போயிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கடைவீதிக்கு முன்னால் உள்ள ரவுண்டானாவில் பாதி சுற்றியிருப்பேன், இடது பக்கச் சாலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் நிற்காமல் உள்ளே வந்து, தாரணி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மோதியது. பெரிய வேகம் இல்லை. ஆனாலும் அவள் பயத்தில் முன்னால் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். "ஐ அம் ஃபைன்" என்றாள். அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று இருந்தாலும் அதைத்தான் சொல்வாள் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சூடாகத் தயார் செய்துகொண்டு இறங்கினேன். வெள்ளைக் காரிலிருந்து ஒரு பையன் இறங்கினான், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "அய்யோ தேவரே, ஏனப்பா இது… பாக்கவே இல்லையே நானு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். பாதி கன்னடம், பாதி தமிழ், இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை. என் நாலு வாக்கியமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"எந்தப் பக்கம் நீ?" என்று என் வாய் கேட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஓசூருங்கணா. பாகலூர் ரோடு."

"நான் தேர்ப்பேட்டையில லைன் வீட்டுல இருந்தேன்பா, ஒன்பது வருஷம்."

"தேர்ப்பேட்டையா? எங்கம்மா வீடு அங்கதாண்ணா!"

அவ்வளவுதான். அவன் பெயர் மஞ்சுநாத். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மனைவி இங்கே நர்ஸிங் படிக்கிறாள், அவளோடு வந்தவன். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்ப் போடும் வேலை. இதெல்லாம் கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைவீதியில் காபி குடித்தபடி கேட்டுத் தெரிந்துகொண்டவை. நம் பக்கம் வண்டி மோதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம் கூடும், இரண்டு பேரும் தொண்டை வற்றக் கத்துவார்கள், யாரோ ஒருவர் எந்த ஊர் என்று விசாரிப்பார், அதில் எப்படியும் ஒரு மாமன் மச்சான் கிளம்பி வருவான், ஆளுக்கொரு டீயோடு கலைந்துவிடும். இங்கே கூட்டம் கூடவில்லை. மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது.

தாரணி எதிரே உட்கார்ந்திருந்தாள். வலது கையை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

2

இங்கே தமிழர்களுக்குப் பஞ்சம் இல்லை. சங்கம் இருக்கிறது, பொங்கல் விழா இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது. அங்கே நான் வாயைத் திறந்தால் யாராவது சிரித்துக்கொண்டே, "உங்க தமிழ் என்னங்க ஒரு மாதிரி இருக்கு, கர்நாடகாவா?" என்பார்கள். கர்நாடகக்காரர்கள் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். அவர்கள் நீங்கள் தமிழா என்று கேட்டார்கள். ஓசூர்க்காரன் பாடு எங்கே போனாலும் இதுதான்.

தேர்ப்பேட்டை லைன் வீட்டில் வீட்டுக்காரம்மா கன்னடம், எதிர் வீடு தெலுங்கு, கடைசி வீடு மதுரைப் பக்கம். குழாயடிச் சண்டை மூன்று பாஷையில் நடக்கும். யார் எந்தப் பாஷையில் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் பேச்சு எனக்குச் சோறு மாதிரி. இங்கே வந்தபின் வீட்டில் செல்வியின் கோவில்பட்டித் தமிழ் மிஞ்சியது, தாரணியிடம் ஆங்கிலம் வந்தது, தொழிற்சாலையில் வியட்நாம்காரரும் நானும் பேசும் ஒரு ஆங்கிலம் இருக்கிறது, அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரியும். என்னுடைய பேச்சுக்கு மட்டும் ஆள் இல்லாமல் போயிற்று. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு நானே எனக்குக் கன்னடத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டது உண்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அதனால்தான் மஞ்சு அடுத்த சனிக்கிழமை மனைவியோடு வீட்டுக்கு வந்தபோது, கல்யாண வீடு மாதிரி ஆக்கிவிட்டேன். அவன் எங்கிருந்தோ நல்ல ராகி மாவு பிடித்துக் கொண்டுவந்தான். நானே களி கிண்டினேன். பிதுக்குப் பருப்புக் குழம்பு செல்விக்கு வராது, மஞ்சுவின் மனைவி பவ்யா வைத்தாள். நசுங்கிய கதவை மஞ்சுவுக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபிக்காரர் தட்டிச் சரி செய்து பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். விபத்து என்று ஒன்று நடந்ததற்கு அடையாளமே இல்லை.

"ணா, சிப்காட் பஸ் ஸ்டாப்புல காலைல போண்டா போடுவாரே, அவரு இப்பவும் இருக்காருணா."

"அவன் எனக்கு முன்னாலேர்ந்து இருக்கான்டா."

"கிருஷ்ணகிரி போற வண்டியில ஏறிகினு, பாரூருக்குத் தெனம் போயிட்டு வருவீங்களா?"

"தெனம் எங்க? மாசத்துக்கு ஒருதரம். சனிக்கிழம ஷிப்டு முடிஞ்சி ஏறுனா, பர்கூர் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவேன்."

செல்வி உள்ளேயிருந்து, "இவுக இம்புட்டுப் பேசுவாகன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள். தாரணி இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். களியை ஸ்பூனில் சாப்பிடுகிறாளே என்றுதான் அவளைக் கேலி செய்தேன்.

3

அணித் தேர்வுக்கு முந்தின வாரம் தாரணியால் பந்தைத் திருப்ப முடியவில்லை. அப்போதும் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். கட்டை விரலுக்குக் கீழே தொட்டாலே துள்ளினாள்.

"பிள்ளைக்குக் கை வீங்கிக் கெடக்கு. பக்கத்துலயே இருந்துட்டு என்னத்தப் பாத்தீக நீங்க?" என்றாள் செல்வி.

மணிக்கட்டில் முந்திரி அளவுக்கு ஒரு எலும்பு இருக்கிறதாம். அதில் விரிசல் விழுந்தால் முதலில் தெரியாது, சுளுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்களாம். அந்த எலும்புக்கு ரத்தம் குறைவாகப் போவதால் தானாகக் கூடுவது கஷ்டம். சின்னதாக ஒரு ஆணி வைக்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது, இல்லாவிட்டால் அந்தக் கை பழையபடி சுழலாது என்றார் டாக்டர். பொது மருத்துவமனையின் வரிசை மாதக்கணக்கில் நீண்டது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு இங்கே ஒரு தனி அலுவலகம் இருக்கிறது, அவர்களே நல்ல நிபுணரிடம் அனுப்பிச் செலவையும் பார்த்துக்கொள்வார்கள். போன் செய்தேன். மிகவும் இனிமையான ஒரு குரல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போலீஸ் புகார் எண் என்ன என்றது.

புகார் கொடுக்கவில்லை என்றேன். கொடுத்துவிட்டு மறுபடி அழையுங்கள் என்று அதே இனிமையோடு சொன்னது அந்தக் குரல்.

புகார் என்றால் மஞ்சு மேல்தான் கொடுக்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்தது அவன். அவனுடைய லைசென்ஸ் புதிது, தண்டனைப் புள்ளிகள் கொஞ்சம் ஏறினாலே பறித்துவிடுவார்கள். லைசென்ஸ் போனால் வேலை போகும். அதைவிட அவன் பயந்தது விசாவை நினைத்து. போலீஸ் காகிதத்தில் பெயர் ஏறினால் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையா பொய்யா, அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

4

சொல்லாமல் செய்யக்கூடாது என்று அவனுக்கே முதலில் போன் செய்தேன். தாரணியின் கையைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்கு ஏண்ணா அன்னிக்கே சொல்லல? பாப்பா கைய நான் பாக்கவே இல்லையேண்ணா."

"நானே பாக்கல மஞ்சு."

"பாப்பாவுக்கு ஆப்பரேஷன் பண்ணித்தான் ஆகணும். அத நான் வேணாம்னு சொல்லுவேனா? ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. யாரோ இடிச்சிட்டு நிக்காம போயிட்டான், வண்டி நம்பர் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட முடியாதாணா? அவங்களுக்கு ஒரு ரிப்போர்ட்டுதான வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. அப்படியே செய்துவிடலாம் என்றுதான் பட்டது. ஊரில் இதைவிடப் பெரியதெல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது.

என் அப்பா வயல் வேலை இல்லாத நாட்களில் பர்கூர் பக்கம் கல் குவாரிக்குக் கூலிக்குப் போவார். ஒரு நாள் திரும்பி வரும்போது டிராக்டர் இடித்துக் கால் முறிந்தது. ஓட்டியவர் பக்கத்து ஊர், சின்னசாமி என்று பெயர், அப்பாவோடு ஒன்றாகக் கரும்பு வெட்டியவர். போலீஸ் என்ற பேச்சே எழவில்லை. நம்ம ஆளு மேல கேஸ் போடறதா என்று அப்பாவே தடுத்துவிட்டார். கட்டுக் கட்டினார்கள், கால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவரால் சேற்றில் இறங்க முடியவில்லை. பர்கூரில் அரசு இன்ஜினியரிங் காலேஜ் வாசலைத் தாண்டித்தான் நான் ஐடிஐக்குப் போய் வந்தேன். மார்க் இருந்தது. வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டியிருந்தது.

சின்னசாமி ஒவ்வொரு வருடமும் ஒரு கூடை மாம்பழத்தோடு வருவார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்பா செத்தபோது என்னைவிட அதிகமாக அழுதது அவர்தான். அந்தச் சிரிப்புக்கு நான் ஏங்குகிறேன். அந்தக் கோணல் காலையும் நினைத்துக்கொள்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஊரிலிருந்து எடுத்து வர எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். தாரணி தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

"போலீஸ் என்னையும் கேப்பாங்களா?"

"நீ பக்கத்துல இருந்தியே. கேப்பாங்க."

"நானும் அவரைத் தெரியாது சொல்லணுமா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அவர் இந்தச் சேர்ல உக்காந்து சாப்பிட்டார். எப்படித் தெரியாது சொல்றது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எப்படி என்று என்னிடம் உண்மையிலேயே கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் மஞ்சுவுக்குப் போன் செய்து, உன் பெயரைச் சொல்லப்போகிறேன் என்றேன். "சரிணா" என்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

5

ஊரில் நான் காவல் நிலையத்துக்குள் போனது ஒரே ஒரு தடவை, பாஸ்போர்ட் விசாரணைக்கு. உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், அங்கிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். மெல்பனில் காவல் நிலையம் வங்கி மாதிரி இருந்தது. இந்த முறை காலணியோடு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் போலீஸ், என் தங்கை வயது இருக்கும்.

விபத்து நடந்த நாளைக் கேட்டுவிட்டு, ஏன் இத்தனை தாமதம் என்றாள்.

"அடிபட்டது அப்போது தெரியவில்லை."

"சரி. எதிர் ஓட்டுநரின் விவரங்களை வாங்கிக்கொண்டீர்களா?"

"வாங்கினேன்."

"என்னென்ன?"

அவன் படித்த பள்ளிக்கூடம் தெரியும். அவன் அம்மா வீடு எந்தச் சந்து என்று தெரியும். தேர்த் திருவிழாவில் எந்தப் பக்கத்து வடம் பிடிப்பான் என்பதுகூடத் தெரியும். வண்டி எண் தெரியாது, காப்பீடு தெரியாது, முழு விலாசம் தெரியாது. போன் நம்பர் இருந்தது. "மஞ்சு ஓசூர்" என்று பதிந்து வைத்திருந்தேன்.

"இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு ஏன் போலீஸை அழைக்காமல் அனுப்பினீர்கள்?"

"அவர் என் ஊர்க்காரர்."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தாள். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் முழுக் காரணம். ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஒரு காரணமாகவே இல்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் நினைக்க ஆரம்பித்துவிட்டாள், முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து காப்பீட்டை ஏமாற்றப் பார்க்கிறோமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். நான் விளக்க விளக்க என் ஆங்கிலம் என்னை மேலும் குற்றவாளி ஆக்கியது.

அப்போது தாரணி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். கட்டுப் போட்ட கையை மேடைமேல் வைத்துக்கொண்டு, அவர்களுடைய ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள்.

"அவங்க ரெண்டு பேரும் பேசுற மாதிரி இங்கே யாரும் பேசுறதில்லை. என் அம்மாகூட அப்படிப் பேசமாட்டாங்க, எனக்கும் அப்படிப் பேசத் தெரியாது. அப்பா அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அதனாலதான் கை வலிக்குதுன்னு நான் சொல்லலை."

அந்தப் பெண் போலீஸ் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, என் கண் முன்னால் எழுத்து எதுவும் நிற்கவில்லை. இத்தனை வருடம் என் மகள் என்னை விட்டு எங்கோ தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த கையை மறைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. இந்த வருட அணித் தேர்வு போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். மஞ்சுவை அழைத்து விசாரித்தார்கள். அபராதமும் சில புள்ளிகளும், அதோடு முடிந்தது. லைசென்ஸ் போகவில்லை, விசாவைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. இதைப் பவ்யா செல்விக்குப் போனில் சொன்னாள். மஞ்சு சொல்லவில்லை. நான் மூன்று நான்கு முறை அழைத்தேன், அவன் எடுக்கவில்லை, வேலையில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அழைப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் இந்தியக் கடைக்குத் தாரணியும் நானும் போயிருந்தோம். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், ஒளியவில்லை. நேராக வந்து தாரணியின் கையைப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது, வலி குறைந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான், நடிப்பு இல்லை. அவளும் நன்றி சொன்னாள்.

ஊரில் எதிரே வருகிறவரிடம் சாப்பாடு ஆயிற்றா என்று எப்படிக் கேட்போமோ அப்படியே, "ஊட்டா ஆய்த்தா மஞ்சு?" என்றேன்.

"எஸ் சார். தேங்க் யூ" என்றான். "டேக் கேர், சார்."

சிரித்துக்கொண்டே சொன்னான். பில் போடும் இடத்தில் எங்களை முன்னால் போகச் சொல்லி வழிகூட விட்டான். நான்தான் நீங்களே முதலில் போங்கள் என்று அவனுக்குக் கையைக் காட்டினேன், நானும் ஏதோ ஆங்கிலத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் தாரணி பெல்ட்டை இடது கையால் மாட்டினாள். வண்டி நகர்ந்ததும் கேட்டாள்.

"அவருக்கு நம்ம மேல கோவமா அப்பா?"

"கோவம் இல்லம்மா" என்றேன். "கோவமா இருந்தா, நம்ம பேச்சுலயே திட்டியிருப்பான்."